டிரவுட் பிடிக்க எங்கே போவது: மூணாறா, அவலாஞ்சியா, தீர்த்தனா?

மூணாறு, மறையூர், பூப்பாறை பக்கம் இருப்பவர்களுக்கு டிரவுட் புதுப் பெயர் இல்லை. துரை பங்களாவில் வேலை பார்த்த குடும்பமாக இருந்தால், துரை பிடித்து வந்த புள்ளி மீனைத் தான் கழுவிக் கொடுத்த கதையைச் சொல்ல ஒரு தாத்தா நிச்சயம் இருப்பார். நம் ஆட்களில் பலருக்குக் கதை கேட்டதோடு சரி. அதே மீனைத் தூண்டில் போட்டுப் பிடிக்க வேண்டும் என்று இப்போது பிள்ளைகள் கிளம்பியிருக்கிறார்கள். யூடியூப் செய்த வேலை.

என் தங்கச்சி வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் தூண்டில் ராடும் நூல் சுற்றும் ரீலும் வாங்கி வைத்துவிட்டு, "மச்சான், எங்க போகலாம்னு நீங்களே சொல்லுங்க" என்று நிற்கிறார். சித்தப்பாவும் கூட வருவதாகச் சொல்லிவிட்டார். தேயிலை ஃபேக்டரியில் இருந்து ரிட்டயர் ஆனவர், முழங்கால் கொஞ்சம் மக்கர். இந்த மூன்று பேரை மனதில் வைத்துத்தான் இந்த ஒப்பீடு. உங்கள் கூட்டம் வேறு மாதிரி இருந்தால் முடிவும் மாறும்.

கையில் இருக்கும் வழிகள் மூன்று. மூணாறு ஹைரேஞ்சிலேயே பார்ப்பது, நீலகிரியில் அவலாஞ்சி பக்கம் போவது, செலவைப் பார்க்காமல் இமாசலத்துத் தீர்த்தன் ஆற்றுக்கே ரயில் ஏறுவது. காஷ்மீர் நாலாவது. அதைப் பின்னால் ரெண்டு வரியில் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர்

இடத்தைப் பற்றிப் பேசும் முன் மீனைப் பற்றிப் பேசிவிடலாம். டிரவுட் குளிர்நீர் மீன். பத்து முதல் பதினெட்டு டிகிரி வரை இருக்கும் தண்ணீர் அதற்குச் சௌகரியம். இருபதைத் தாண்டினால் இரை எடுப்பது குறையும். இருபத்தைந்தை நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. குளிர்ந்த தண்ணீரில்தான் ஆக்ஸிஜன் அதிகமாகக் கரையும், இந்த மீனுக்கோ ஆக்ஸிஜன் நிறைய வேண்டும். ஓடுகிற ஆறு, பாறையில் அடித்து நுரைத்து விழுகிற இடம் எல்லாம் அதற்குப் பிடித்துப்போவது இதனால்தான்.

மலையில் ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று ஆறு, ஆறரை டிகிரி குளிரும். மறையூர் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். கரும்பும் சந்தனமும் வளரும் ஊர். பாம்பாறு பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த உயரத்தில் டிரவுட்டைத் தேடுவது வீண். மூணாறு டவுன் 1,500 மீட்டர் சுமாருக்கு இருக்கிறது, மாட்டுப்பட்டி 1,700. இந்த உயரத்துக்கு மேலேதான் நம் பக்கத்தில் பேச்சே ஆரம்பிக்கிறது. இமாசலத்தில் 1,500 மீட்டரிலேயே டிரவுட் கும்மாளம் போடுகிறதே என்று கேட்பீர்கள். அங்கே மேலே பனி உருகி வருகிறது, நமக்கு மேலே இருப்பது புல்மேடும் சோலைக்காடும். சோலைதான் நம்மூர் ஐஸ் பெட்டி. அதை வெட்டி வாட்டில் மரமும் யூகலிப்டஸும் வைத்த இடங்களில் ஓடை கோடையில் இளைத்துப்போவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ராடைவிட அது முக்கியம். ஓட்டத்துக்கு நடுவே, பாறை நிழல் விழும் இடத்தில் முழுக்க முக்கி ஒரு நிமிஷம் வைத்து எடுங்கள். வெயில் படும் ஓரத்துத் தேங்கலில் பார்த்தால் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். மத்தியானம் இருபதைத் தாண்டினால் ராடை மடித்து வையுங்கள். அந்தச் சூட்டில் பிடித்துத் திருப்பி விட்டாலும் மீன் பிழைப்பது கஷ்டம்.

மூணாறு: வீட்டு வாசலில் இருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறது

சித்தப்பாவின் கட்சி இதுதான். "நம்மூரு தண்ணியிலயே கெடக்கறப்ப மூவாயிரம் கிலோமீட்டர் எதுக்குடா?" என்கிறார். வாதம் நியாயமானதுதான். தோட்டத் துரைமார் தங்கள் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்து விட்ட ரெயின்போ டிரவுட் ஹைரேஞ்சின் உயரமான ஓடைகளில் தங்கிவிட்டது. அதைக் கவனித்துக்கொள்ளவே ஒரு ஆங்லிங் அசோசியேஷன், அதாவது தூண்டில்காரர் சங்கம், வைத்திருந்தார்கள்.

சிக்கல் தண்ணீரில் இல்லை, அனுமதியில் இருக்கிறது. நல்ல குளிர்நீர் எல்லாம் ஆனைமுடியைச் சுற்றிய இரவிகுளம் மேட்டில் இருக்கிறது. அது 1975-ல் சரணாலயமாகவும் 1978-ல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. வரையாட்டுக்காகக் காப்பாற்றி வைத்திருக்கும் இடம் அது. சுற்றுலாப் பயணிகளை ராஜமலைப் பகுதிக்குள் மட்டும்தான் விடுகிறார்கள், வரையாடு குட்டி போடும் பிப்ரவரி, மார்ச்சில் அதையும் அடைத்துவிடுவார்கள். தூண்டிலோடு அங்கே போகும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

மிச்சம் இருப்பது தோட்டத்துக்குள் ஓடும் ஓடைகளும் மாட்டுப்பட்டி, குண்டளை போன்ற அணைகளும். ஓடை தேயிலைக் கம்பெனி நிலத்தில், அணை மின்வாரியத்தின் கையில், அதற்கு அப்பால் காடு வனத்துறையிடம். ஒரே ஓடை ரெண்டு கிலோமீட்டருக்குள் மூன்று பேர் கைக்கு மாறும். கீழே கம்பெனி ஆள் தலையாட்டிவிட்டார் என்று மேலே போய் நின்றால் வனத்துறை கார்டு வந்து நிற்பார். எழுத்தில் அனுமதி, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்று தெளிவாக எழுதியது, கையில் வேண்டும். "நம்ம பையன்தான், போய்க்கோ" என்று வாய்ச்சொல்லில் போவது ராடு பறிபோகத்தான் வழி. உள்ளூர்க்காரன் என்ற உரிமை லயத்துக்கு வெளியே செல்லாது.

காலம் பார்த்தால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை. ஓடையெல்லாம் டீ கலரில் ஓடும். அக்டோபர், நவம்பரில் துலாமழை மத்தியானமானால் இடியோடு வந்து நிற்கும். டிசம்பர், ஜனவரியில் தண்ணீர் கண்ணாடிதான், ஆனால் நம் தென்மலைகளில் ரெயின்போ முட்டையிடுவது அந்தக் குளிர்காலத்தில்தான். சரளைக் கல்லில் குழி பறித்து முட்டையிடும் மீனைத் தொந்தரவு செய்வது எனக்கு ஒப்பாது. மிஞ்சுவது ரெண்டு மழைக்கும் இடைப்பட்ட செப்டம்பரும், மார்ச், ஏப்ரலில் விடிகாலையும். அந்த விடிகாலையில் மாட்டுப்பட்டி, குண்டளை ரோட்டில் காட்டானை படையப்பா நிற்கிறானா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். கொம்பன் ஓடைக்கரைக்கு வந்தால் மீனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

இத்தனைக்கும் மேல், இங்கே செலவு கிட்டத்தட்ட இல்லை. சித்தப்பா இரவு தன் கட்டிலிலேயே தூங்கலாம். காகிதம் கிடைத்தால் மூணாறை அடிக்க ஆள் இல்லை. அந்த "கிடைத்தால்" என்ற சொல்லில்தான் திட்டம் முழுவதும் தொங்குகிறது.

அவலாஞ்சி: பழைய பெருமை, புது சோதனைச்சாவடி

தென்னிந்திய டிரவுட்டுக்குத் தாய்வீடு நீலகிரி. மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1863-லேயே இங்கே கொண்டுவந்து விட முயன்றார், பலிக்கவில்லை. அப்புறம் மீன் வளர்ப்பு நிபுணர் ஹெச்.சி. வில்சன் 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். கப்பலில் முட்டையைக் குளிர் குறையாமல் கொண்டுவந்து, மலையேற்றி, ஓடைத் தண்ணீரில் பொரிக்க வைத்த அந்தக் காலத்து உழைப்பை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, முக்குருத்தி என்று தூண்டில்காரர்கள் சொல்லும் பெயர்கள் எல்லாம் அந்த வரலாற்றில் வருபவைதான்.

ஊட்டியிலிருந்து அவலாஞ்சி முப்பது கிலோமீட்டருக்குள். நமக்கு அது தூரம். மூணாறிலிருந்து மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி, கோவை, மேட்டுப்பாளையம் என்று ஒரு பகல் முழுக்கப் போய்விடும். சின்னாறு காட்டு ரோட்டில் ராத்திரி விடமாட்டார்கள் என்பதால் காலையிலேயே கிளம்ப வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும், அது உயர் நீதிமன்ற உத்தரவு. போனிலேயே எடுத்துவிடலாம், பெரிய வேலை இல்லை. ஆனால் எடுக்காமல் போய் கல்லாறு சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றுகொண்டு சிக்னலைத் தேடினால் பாதிப் பகல் அங்கேயே முடிந்துவிடும். பிளாஸ்டிக் பாட்டிலும் வேண்டாம், வாங்கி வைத்துவிடுவார்கள்.

அங்கேயும் மூணாறு கதைதான். முக்குருத்தி தேசியப் பூங்கா, ஆகவே அங்கே கதவு சாத்தியாயிற்று. அவலாஞ்சிக்கு மேலே காட்டுக்குள் சொந்த வண்டியை விடுவதில்லை, வனத்துறை வண்டியில்தான் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். பார்க்கப் போகிறவருக்கு அருமையான இடம், சோலையும் ஓடையும் கண்ணை விட்டுப் போகாது. தூண்டில் போடுகிறவருக்கோ மீன்வளத் துறை, வனத்துறை ரெண்டு வாசலிலும் ஏறி இறங்கிவிட்டுத்தான் நம்பிக்கை. ஊட்டிக்கு வந்தபின் கேட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். கிளம்பும் முன் கேட்டு, பதில் வந்தால் கிளம்புங்கள்.

மழைக்காலத்தில் இந்தப் பக்கம் தலை வைக்கவே கூடாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. மண்சரிவில்தான் அந்த ஊருக்குப் பெயரே வந்தது என்று சொல்வார்கள், சும்மா இல்லை.

என் கணக்கில் அவலாஞ்சி குடும்பத்தோடு போகும் இடம். மீன் பிடித்தே தீருவேன் என்கிறவருக்கு மூணாறின் சிக்கல் எல்லாம் இங்கேயும் உண்டு, கூடவே ஒரு பகல் பஸ்.

தீர்த்தன்: தூரம்தான் விலை

இமாசலத்தில் குல்லு மாவட்டத்தில் தீர்த்தன் ஆறு. கிரேட் இமாலயன் தேசியப் பூங்காவிலிருந்து இறங்கி வருகிறது. 2014-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பூங்கா அது. பூங்காவுக்கு வெளியே, குஷைனி, பஞ்சார் பக்கம், ஆறு ஊர்களுக்கு நடுவே ஓடுகிறது, அங்கேதான் தூண்டில். பெரும்பாலும் பிரவுன் டிரவுட், இடையில் ரெயின்போ. பிரவுன் டிரவுட் 1909 வாக்கில் குல்லுப் பக்கம் வந்தது. பொன்னிற உடம்பில் கருப்பும் சிவப்புமாகப் புள்ளி இருக்கும். ரெயின்போவுக்குப் பக்கவாட்டில் ரோஜா நிறத்தில் ஒரு பட்டை ஓடும். சிவப்புப் புள்ளி கிடையாது. பார்த்தவுடன் பிரித்துவிடலாம்.

இங்கே எனக்குப் பிடித்தது மீன்கூட இல்லை, ஒழுங்கு. மாநில மீன்வளத் துறை லைசென்ஸ் தருகிறது. தங்குகிற ஹோம்ஸ்டேகாரரே எங்கே வாங்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடிய டிரவுட் ஆறுகளுக்கு விடுமுறை, மீன் முட்டையிடும் காலம். மார்ச் 1-ல் திறக்கும். யாரிடம் கேட்பது, யார் தலையாட்டுவார் என்ற குழப்பமே இல்லை. நம்மூரில் இதைக் கற்றுக்கொள்ள ஆள் அனுப்பலாம்.

திறந்திருக்கும் எட்டு மாதமும் ஒன்றல்ல. மார்ச், ஏப்ரலில் தண்ணீர் தெளிவு, குளிர் கடுமை. மே, ஜூனில் பனி உருகி ஓட்டம் கூடும், டில்லிக் கூட்டமும் கூடும். ஜூலை, ஆகஸ்டில் போகவே வேண்டாம். 2023 ஜூலையில் பியாஸ் ஆறு குல்லுப் பக்கம் ரோட்டையும் வீட்டையும் அடித்துக்கொண்டு போனதை டிவியில் பார்த்திருப்பீர்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடிய ஆறு மறுபடி தெளியும், ஆப்பிள் சீசன் ஓயும் நேரம், கூட்டம் குறைவு. எங்கள் ஓட்டு அக்டோபருக்கு. நம்மூரில் துலாமழை கொட்டும்போது அங்கே வானம் நீலமாக இருக்கும், அது ஒரு கூடுதல் லாபம்.

இனி விலை. கோவையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ டில்லிக்கு விமானம், அல்லது மதுரையிலிருந்து சம்பர்க் கிராந்தி ரயிலில் ரெண்டு ராத்திரி. டில்லி காஷ்மீரி கேட்டில் மணாலி பஸ் ஏறி, அவுட் என்ற ஊரின் சுரங்கப்பாதைக்கு முன்பே இறங்கிக்கொள்ள வேண்டும். டிரைவரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள், தூக்கத்தில் விட்டால் கண் விழிப்பது குல்லுவில்தான். அங்கிருந்து லார்ஜி வழியாக டாக்சியில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ரயிலில் போனால் போக வர மட்டுமே ஒரு வாரம். மீனுக்கென்று மூன்று நாளாவது ஒதுக்கவில்லை என்றால் போவதில் அர்த்தம் இல்லை. முதல் நாள் ஆற்றைப் புரிந்துகொள்ளவே போய்விடும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ராஜ்மாவும் சாதமும் மூன்று வேளையும் வரும். ஊறுகாய் பாட்டிலும் கறிவேப்பிலைப் பொடியும் எடுத்துக்கொண்டால் சித்தப்பா சண்டை போடாமல் இருப்பார். டிரவுட்டுக்கு முள்ளும் குறைவு, செதிலும் பொடிசு, உரசி எடுக்கக்கூட வேண்டாம். உப்பும் குருமிளகும் தடவித் தவாவில் போட்டால் போதும். புளிக்குழம்பு வைத்துவிடாதீர்கள், மீனின் ருசி எங்கே போனது என்றே தெரியாது. அயிலைக்கு வைக்கிற குழம்பு அயிலைக்குத்தான்.

காஷ்மீர்? அங்கேயும் டிரவுட் 1900 வாக்கிலேயே வந்தது. லித்தர், பிரிங்கி போன்ற ஆறுகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, துண்டுக்கு இத்தனை பேர் என்று நாள் பெர்மிட் தருகிறார்கள். பெரிய ஆறு, பெரிய மீன், பெரிய செலவு. முதல் தடவைக்கு அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

சாமான்: ஃபிளையா, ஸ்பின்னரா?

இதில் ஆளுக்கொரு பேச்சு உண்டு. ஃபிளை ராடு என்றால் ஒன்பது அடி, நாலு அல்லது ஐந்து நம்பர் லைன் (தூண்டில் நூல்), நாலு துண்டாகக் கழற்றும் டிராவல் வகை. ஈயைப் போலக் கட்டிய இரைக்கு எடையே இல்லை. லைனின் எடையில்தான் அது பறக்கிறது. ஆகவே கைப்பழக்கம் வேண்டும். ஸ்பின்னர் என்றால் ஆறு அடி லேசான ராடு, சின்ன ரீல், மினுங்கிச் சுழலும் தகடு. அரை நாளில் கை வந்துவிடும். மாப்பிள்ளை ஃபிளைதான் வேண்டும் என்கிறார், வாங்கியிருப்பது ஸ்பின்னிங் ராடு. எனக்கென்னவோ கடவுளே அவருக்கு வழிகாட்டிவிட்டார் என்று தோன்றுகிறது. முதல் பயணத்துக்கு ஸ்பின்னர் போதும், அந்த ஆற்றில் அது செல்லுமா என்று மட்டும் லைசென்ஸ் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். மண்புழு வேண்டாம். மீன் அதை வயிறு வரை விழுங்கிவிடும், திருப்பி விட முடியாது.

எதுவானாலும் கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். சின்ன மீனை விடும்போது கையை முதலில் தண்ணீரில் நனையுங்கள். காய்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும், அப்புறம் பூஞ்சை பிடித்துச் செத்துப்போகும். விடும்போது தலை ஓட்டத்தைப் பார்த்திருக்கட்டும். செவுள் ரெண்டு மூன்று தடவை நன்றாக விரிந்து சுருங்கியதும் வாலை ஒரு உதறு உதறும். அதுவரை பிடியைத் தளர்த்தக் கூடாது.

இன்னொன்று, ஆற்றை அணுகும் விதம். டிரவுட் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். ஒரு பாறைக்குப் பின்னால், ஓட்டம் அடங்கும் இடத்தில் அசையாமல் நின்றுகொண்டு, பக்கத்து ஓட்டத்தில் பூச்சி மிதந்து வந்தால் மட்டும் நகர்ந்து கவ்விவிட்டுத் திரும்பவும் அதே இடத்துக்கு வந்துவிடும். நீங்கள் மேலிருந்து இறங்கி வந்தால் அது உங்களை முதலில் பார்க்கும். கீழிருந்து மேலே, குனிந்து, நிழல் தண்ணீரில் விழாமல் போக வேண்டும். சித்தப்பா முழங்காலோடு இதைச் செய்ய முடியாது. அவருக்கு ஒரு நல்ல பாறையும் ஒரு ஃப்ளாஸ்க் கட்டஞ்சாயாவும் போதும், அங்கிருந்தே நம்மைத் திட்டிக்கொண்டிருப்பார்.

அப்ப எங்கே?

ஒரு டிரவுட்டைக்கூடப் பிடித்திராதவர், அனுமதி தேடி அலைய நேரம் இல்லாதவர், ஒரு தடவை பணம் சேர்த்துத் தீர்த்தனுக்கே போய்விடுவது நல்லது. ரெண்டு நாள்தான் லீவு, பிள்ளை குட்டியோடு என்றால் அவலாஞ்சி. ராடை எடுத்துக்கொள்ளாமலே கிளம்பலாம். மூணாறு, எழுத்தில் அனுமதி வாங்கும் பொறுமையும் ஆள்பழக்கமும் உள்ளவருக்கு. கிடைத்தால் வருஷா வருஷம் போகலாம், கிடைக்காவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆக, செப்டம்பருக்கு மூணாறில் மனு, அக்டோபருக்குத் தீர்த்தனில் அறை என்று ரெண்டையும் ஒரே சமயத்தில் ஆரம்பித்துவிட்டோம். சித்தப்பா முதலாவதுக்கு, மாப்பிள்ளை ரெண்டாவதுக்கு. நான் ரெண்டுக்கும்.

கைப்பழக்கத்துக்கு ஆறு தேவையில்லை. எஸ்டேட் கிரவுண்டில் பந்து விளையாடுகிறவர்கள் போனபிறகு, கொக்கிக்குப் பதில் சின்ன ஈயக்குண்டோ, ஃபிளை ராடானால் ஒரு துண்டு கம்பளி நூலோ கட்டி, இருபது அடி தூரத்தில் வைத்த பக்கெட்டுக்குள் விழ வைத்துப் பழகலாம். பசங்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

ரயில் டிக்கெட் இப்போது அறுபது நாளுக்கு முன்பிருந்துதான் திறக்கிறது. அக்டோபர் இரண்டாம் வாரம் போகிறவர்கள் ஆகஸ்ட் முதல் பாதியிலேயே காலை எட்டு மணிக்கு உட்கார்ந்துவிட வேண்டும். ஆயுத பூஜை, தீபாவளி தேதி அந்த வருஷம் எங்கே விழுகிறது என்று காலண்டரைப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். விமானமானால் ராடைப் பிவிசி பைப்புக்குள் போட்டு மூடி, செக்-இன் லக்கேஜில் போடுங்கள். கொக்கியையும் குறட்டையும் கைப்பையில் வைத்தால் செக்யூரிட்டியில் எடுத்துவிடுவார்கள்.